மலை உண்டு, மாடு உண்டு, சீஸ் இல்லை

சேலத்திலிருந்து வரும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் ஏறித்தான் தருமபுரி மேட்டுநிலத்தைத் தொடுகிறது. இன்று தொப்பூர் என்ற பெயர் லாரி விபத்துச் செய்திகளில்தான் அடிபடுகிறது. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தின் பழைய செல்வம் மாடு. தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்கள் பலவும் ஆநிரை கவரும்போதோ மீட்கும்போதோ செத்த வீரர்களுக்காக நட்டவை. பென்னாகரத்தை ஒட்டிய காவிரிக்கரைக் காடுகள் ஆலம்பாடி மாட்டுக்குப் பேர்போனவை. ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் பர்கூர் மலை. செவலை உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாட்டின் வீடு அது. தொப்பூருக்குத் தென்கிழக்கே சேர்வராயன் மலை, வடகிழக்கே வத்தல்மலை.

மலையும் புல்லும் மாடும் பாலும் கூடிய இடங்களில் ஐரோப்பாவில் சீஸ் பிறந்தது. சில மலைகளில் காய்ச்சாத பசும்பாலில், உள்ளே நீலப் பூஞ்சை நரம்போடிய சீஸ் பிறந்தது. இங்கே இரண்டும் பிறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் வெயில், மதம், பழக்கம் என்று பதில்கள் தயாராக வந்து விழுகின்றன. அவற்றை உரசிப் பார்க்க வேண்டும். அவற்றில் சிலவற்றின் மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

முதலில் பண்டம் என்னவென்று பார்த்துவிடுவோம். பிரான்சும் சுவிட்சர்லாந்தும் முட்டிக்கொள்ளும் ஜூரா மலையில் செய்யப்படும் ‘ப்ளூ து ஜெக்ஸ்’ இவ்வகைக்கு நல்ல மாதிரி. மோன்பெலியார்ட், சிமென்டால் இன மாடுகளின் பால் மட்டும். அதுவும் காய்ச்சாத பால். புளிக்கவைத்த சைலேஜ் தீவனம் மாட்டுக்குப் போடக் கூடாது. பாலை வெதுவெதுப்பாக்கி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டை விட்டு உறையவைத்து, கட்டியை வெட்டி, அச்சில் நிரப்பி, உப்பேற்றி, நீண்ட ஊசிகளால் குத்தித் துளை போட்டு, குளிர்ந்த ஈரமான நிலவறையில் குறைந்தது 21 நாள் பழுக்கவிடுகிறார்கள். ஒரு வட்டு ஏழெட்டுக் கிலோ; தோலில் ‘ஜெக்ஸ்’ என்ற முத்திரை புடைத்து நிற்கும். 1977 முதல் அந்தப் பெயருக்குச் சட்டக் காப்பு இருக்கிறது.

ஊசித் துளை வழியாகப் போகும் காற்றில்தான் பூஞ்சை விழித்துக்கொள்கிறது. பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்று 1906-இல் அதற்குப் பெயர் வைத்தவர் சார்லஸ் தாம் என்ற அமெரிக்கப் பூஞ்சையியலாளர். மற்றப் பூஞ்சைகள் திணறும் அளவு குறைந்த காற்றிலும் இது வளரும். பாலின் கொழுப்பைச் சிதைத்து மெத்தில் கீட்டோன்கள் என்ற பொருள்களை உண்டாக்கும். நீலச் சீஸின் மூக்கைத் துளைக்கும் வாசம் அவற்றால் வருவதுதான். பூஞ்சை பரவ உள்ளே இடுக்குகள் வேண்டும். கட்டிக்குள் வாயு விட்டு அந்த இடுக்குகளைத் திறந்துவைக்கும் பாக்டீரியாக்களில் ஒன்று லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதும் இதே இனம்தான். புளிக்கவைக்கும் கலை நமக்குப் புதிதென்று சொல்ல வழியே இல்லை.

பழமைக்கும் சான்று இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில், உப்பு கெடாமல் காத்துவைத்த மனித மலத்தை ஆராய்ந்து 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த எச்சத்தில் இந்தப் பூஞ்சையின் மரபணுவும் பீர் ஈஸ்ட்டின் மரபணுவும் கிடைத்தன. இரும்புக்கால உப்புத் தொழிலாளி ஒருவர் நீலச் சீஸ் தின்று பீர் குடித்திருக்கிறார்.

இனி பதில்கள். எல்லாரும் முதலில் சொல்வது வெயில். இது பாதி உண்மை; எந்தப் பாதி என்பதை எண்களால் பிரிக்கலாம். நிலத்துக்கடியில் சில மீட்டர் ஆழத்தில் வெப்பம் கோடைக்கும் குளிருக்கும் பெரிதாக அசையாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். சீஸ் குகைகளைப் பற்றி எவ்வளவோ கதை சொல்கிறார்கள், அடிப்படை இவ்வளவுதான். ஜூராவில் 1,000 மீட்டர் உயரத்தில் அந்தச் சராசரி 6, 7 டிகிரி. நீலச் சீஸ் பழுக்கக் கேட்பது 8 முதல் 12 டிகிரி; கூடவே தொட்டால் ஈரம் ஒட்டும் காற்று. தருமபுரி மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர். சராசரி 27 டிகிரியை ஒட்டி இருக்கும். 1,000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கைப் போட்டால், ஆயிரம் மீட்டரைத் தாண்டும் வத்தல்மலையில் 22, 23. ஆயிரத்து ஐந்நூறை எட்டும் ஏற்காட்டில் 20. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே 14, 15.

தொப்பூரில் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கிடைப்பது 27 டிகிரி அறை. அதில் பச்சைப்பால் கட்டியை வைத்தால் முதலில் வந்து குடியேறுவது ரோக்ஃபோர்ட்டியாக இருக்காது. வெப்பத்தை விரும்பும் ஆஸ்பர்ஜில்லஸ் வகைகள் முந்திக்கொள்ளும். அவற்றில் சில, அஃப்லாடாக்ஸின் என்ற ஈரல் நஞ்சைக் கக்குபவை. ஆகவே தொப்பூரில் நீலச் சீஸ் தானாகப் பிறந்திருக்க முடியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏன் எந்தச் சீஸுமே பிறக்கவில்லை என்பதற்கு மட்டும் வெயில் பதில் சொல்லாது. வெயில் காயும் மத்தியதரைக்கடல் கரையெல்லாம் ஆடு, மாட்டுப் பால் சீஸ் உண்டு. குளிர்ந்த இமயத்தில் சுர்பி உண்டு. ஜம்மு மலைகளில் குஜ்ஜர், பக்கர்வால் இடையர்களின் களாரி உண்டு. ஆனால் இமயத்தில் நீலம் கிடையாது. குளிர் வேறு, சீஸ் வேறு, நீலம் வேறு என்று பிரித்துத்தான் பேச வேண்டும்.

அடுத்த பதில் மதம்: கன்றின் இரைப்பை தேவைப்படும் பண்டத்தை இந்து சமூகம் ஏற்காது என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் சரிபோலத் தோன்றும். ஆனால் போர்ச்சுகலின் செர்ரா த எஸ்த்ரேலா மலைச் சீஸ் முட்செடிப் பூவில்தான் உறைகிறது. அத்திமரப் பாலை விட்டால் பால் உறையும் என்பது பண்டைக் கிரேக்கர்களுக்குத் தெரியும். அத்தி நம் ஊரில் இல்லாத மரமா? களாரியைப் புளித்த மோர்நீரை விட்டே திரிக்கிறார்கள். பாலைப் புளிப்பிட்டுத் திரிப்பதையே வடநாட்டு மரபு விலக்கி வைத்திருந்தது என்றும், வங்காளத்துக்கு அந்தப் பழக்கம் போர்ச்சுகீசியர் வழியே வந்தது என்றும் உணவு வரலாற்றாளர் கே.டி. அச்சயா வாதிட்டார். அதை மறுப்பவர்களும் உண்டு. தமிழ் வீடுகளில் பால் திரிந்துபோவது சகுனக்கேடு. அதே வீட்டில் கன்று போட்ட மாட்டின் சீம்பாலை வேகவைத்துக் கட்டியாக்கி வெல்லம் போட்டுத் தின்போம். விலக்கு இருந்தது, ஆனால் கெட்டியாக இல்லை. இன்று சட்டமே சிக்கலை முடித்துவிட்டது: இந்தியாவில் விற்கும் சீஸுக்கு விலங்கிலிருந்து எடுக்காத உறைபொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரென்னட் கடையில் கிடைக்கிறது.

மதமும் வெயிலும் எவ்வளவு தூரம் போகும் என்று சோதிக்க ஒரே ஒரு சமூகம் போதும்: நீலகிரித் தோடர்கள். அவர்கள் வாழ்ந்தது இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். கையில் பெரிய எருமை மந்தைகள். பால்மனைகளே அவர்களுடைய கோயில்கள். பால் கறப்பவரே பூசாரி. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் அவர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் வெளியானது 1906-இல். சார்லஸ் தாம் பூஞ்சைக்குப் பெயர் வைத்த அதே ஆண்டு; இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது. ரிவர்ஸ் பக்கம் பக்கமாக விவரிப்பது பால்மனைச் சடங்குகளை. முந்தைய கடைசலின் மோரைப் புதுப் பாலில் உறையாக விட வேண்டும். அந்த உறைமோர் ஒரு பால்மனையின் உயிர். அதன் தொடர்ச்சி கெட்டால் புதிதாக உண்டாக்குவதற்கென்றே சடங்கு உண்டு. ஒரு நுண்ணுயிர்க் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிக் கைமாற்றும் அறிவு இது. ஆண் எருமைக் கன்றைப் பலியிடும் சடங்கும் அவர்களிடம் இருந்தது. ஆகவே இரைப்பைக்கும் தடையில்லை.

குளிர், பால், பேணும் அறிவு, கன்று எல்லாம் இருந்தும் தோடர்கள் செய்தது நெய்யும் மோரும்தான். ஏனென்றால் அவர்களுக்குச் சீஸ் தேவைப்படவில்லை. ஜூராவில் ஆண்டில் நாலைந்து மாதம் பனி. மாடு கொட்டகைக்குள் அடைபட்டு, பால் வற்றும். கோடையில் பெருகும் பாலைக் குளிர்காலத்துக்குக் கட்டிச் சேர்த்தாக வேண்டும். கொழுப்போடு புரதமும் சேர்ந்து நிற்கும் உணவு வேண்டும். நீலகிரியில் புல்வெளி ஆண்டு முழுக்க மேய்ச்சல் தரும். பால் கூடும், குறையும், நிற்காது. படுகர்களிடமிருந்து தானியம் வந்தது. தோடர்களிடமிருந்து நெய் போனது.

சமவெளியிலும் இதே கணக்கு. உருக்கிய நெய் நம் வெயிலிலும் மாதக்கணக்கில் கெடாது. பானையில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். எடைக்கு விலை அதிகம். மிஞ்சும் மோர் அன்றே குடித்துத் தீரும். வெயிலில் உழைப்பவனுக்கு அதுவே சாப்பாட்டில் பாதி. சீஸ் செய்தால் ஊரில் ஒருவருக்கும் மோர் கிடைக்காது. இந்த ஏற்பாட்டை மாற்ற யாருக்கும் காரணம் இருக்கவில்லை. வெயில், மதம் இரண்டையும்விட இதுவே வலுவான பதில் என்பது என் முடிவு.

இதோடு மாட்டின் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஆலம்பாடியும் பர்கூரும் உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்த இனங்கள். கன்றுக்குப் போக நாளைக்கு ஒன்று, இரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். ஒரு ஜெக்ஸ் வட்டுக்கு 75 லிட்டர். மோன்பெலியார்ட் மாடு மூன்று, நான்கு இருந்தால் ஒரு நாளில் தந்துவிடும் பால் இது. பர்கூர் மாட்டில் கறந்தால் ஐம்பது மாடு நிற்க வேண்டும். ஜூரா விவசாயியாலும் ஒண்டியாக முடியவில்லை. பாலைச் சேர்த்துப் பெரிய வட்டுகளாகச் செய்யும் ‘ஃப்ரூத்தியேர்’ என்ற கிராமக் கூட்டுறவுகள் அங்கே 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தன. நமக்குக் கூட்டுறவு பால் சொசைட்டியாக 20ஆம் நூற்றாண்டில் வந்தது. அங்கே பால் சேர்ந்தது ஊரிலேயே பண்டமாவதற்கு. இங்கே பால் சேர்வது குளிரூட்டப்பட்டு டேங்கரில் ஏறி நகரத்துக்குப் போவதற்கு. கொழுப்புக்கும் கொழுப்பற்ற திடப்பொருளுக்கும் அளவு பார்த்துக் காசு போடும் முறையில், மாடு எந்த மலையில் என்ன புல் தின்றது என்பதற்கு ரசீதில் இடமில்லை. இன்று தருமபுரி மாவட்டத்துச் சொசைட்டிகளில் ஊற்றப்படும் பாலில் பெரும்பகுதி ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகளுடையது. பாலின் அளவு பற்றிய பழைய தடை இதனால் நீங்கிவிட்டது. மலையோடு இருந்த தொடர்பும் கூடவே அறுந்துவிட்டது.

அந்தத் தொடர்பு இன்னும் மிஞ்சியிருப்பது பர்கூரில். லிங்காயத்துகளும் சோளகரும் அங்கே காட்டுக்குள் பட்டி போட்டு மாடுகளை அடைத்து வளர்க்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையில் டெர்மின்யோன் என்ற ஊருக்கு மேலே நடப்பதும் ஏறக்குறைய இதுவே. கோடையில் மாடுகளை 2,000 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளிகளுக்கு ஓட்டிப்போகும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள், அங்கேயே தங்கிப் பச்சைப்பாலில் ‘ப்ளூ து டெர்மின்யோன்’ செய்கிறார்கள். ஜெக்ஸைவிட இதுவே நம் கேள்விக்கு நெருக்கமானது. இதில் பூஞ்சை விதை தூவுவதில்லை. முந்தைய நாள்களின் புளித்த கட்டியைப் புதுக் கட்டியோடு உதிர்த்துக் கலந்து வைத்தால், அந்த இடத்துப் பூஞ்சை தானாக ஏறுகிறது. சில வட்டுகளில் நீலம் நன்றாக ஓடும், சிலவற்றில் அரைகுறைதான். தோடர்களின் உறைமோருக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அந்தப் புல்வெளிகள் இருப்பது வனுவாஸ் தேசியப் பூங்காவில். 1963-இல் அமைந்த அது பிரான்சின் முதல் தேசியப் பூங்கா. பூங்கா வந்தபோது மாட்டை வெளியேற்றவில்லை, மேய்ச்சல் தொடர்ந்தது. நம் பக்கம் என்ன நடந்தது? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. எதிர்ப்பு வந்தபின் அந்த உத்தரவு சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. 2024 சனவரியில் பர்கூர்க் காடுகள் அடங்கிய பகுதி, ஏறத்தாழ 80,000 ஹெக்டேர், தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுருங்கிய தடை இதனால் பர்கூருக்குப் பொருந்தும் நிலை வந்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். காட்டைக் காக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பர்கூரில் மாட்டின ஆராய்ச்சி நிலையம் ஒரு பக்கம், அந்த மாடு மேயும் பட்டிக்குத் தடை இன்னொரு பக்கம் என்றால், மிஞ்சுவது உறைவிந்துக் குச்சியில் இருக்கும் மாடுதான்.

டெர்மின்யோனில் மேய்ச்சலை விடாததன் பலன் எதிர்பாராத இடத்தில் வந்தது. ஆலைகள் தலைமுறைகளாக ஒரு சில பூஞ்சை வகைகளையே படியெடுத்துப் பயன்படுத்தியதில் அவற்றின் இனப்பெருக்கத் திறனும் பன்மையும் தேய்ந்துவிட்டன என்று 2024 சனவரியில் பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையமான சி.என்.ஆர்.எஸ். எச்சரித்தது. காமம்பேர் என்ற சீஸின் பூஞ்சை ஏற்கெனவே தொல்லையில் இருக்கிறது. நீலப் பூஞ்சைக்கும் ஆபத்து உண்டு. அதே நேரத்தில் டெர்மின்யோன் சீஸில் மற்ற எதிலும் இல்லாத தனி ரோக்ஃபோர்ட்டிக் கூட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நீலச் சீஸ்களின் பன்மையை மீட்க அது உதவக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் நம்புகிறார்கள்.

பச்சைப்பால் என்றதும் பயப்படுபவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். காய்ச்சாத பாலில் புருசெல்லா, காசநோய்க் கிருமி, லிஸ்டீரியா வரலாம். அமெரிக்கா 1949 முதல் பச்சைப்பால் சீஸுக்குக் குறைந்தது 60 நாள் பழுக்கவிடுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டில்டன் என்ற நீலச் சீஸ் பாஸ்டரைஸ் செய்த பாலுக்கே மாறிவிட்டது. பச்சைப்பாலில் பழைய முறைப்படி செய்ய விரும்பியவர்கள் 2006-இல் ‘ஸ்டிச்சல்டன்’ என்று வேறு பெயர் வைத்துத்தான் தொடங்க முடிந்தது. நமக்குப் பாதுகாப்பு அடுப்பில் இருக்கிறது: பால் எங்கிருந்து வந்தாலும் பொங்கக் காய்ச்சித்தான் குடிப்போம். பச்சைப்பால் சீஸில் அந்தக் கடைசி நெருப்பு கிடையாது. பாதுகாப்பு மாட்டுக்கொட்டகைக்கு இடம் மாறுகிறது. மாட்டுக்கு நோய்ப் பரிசோதனை, மடி சுத்தம், தீவன சுத்தம் எல்லாம் முன்கூட்டியே வேண்டும். புருசெல்லோசிஸையும் கோமாரியையும் ஒருசேர எதிர்க்கும் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 2019-இல்தான்.

காய்ச்சினால் எல்லாம் சரியாகும் என்பதும் முழு உண்மையில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் வெளியிட்ட பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 5.7 சதவீதத்தில் அஃப்லாடாக்ஸின் எம்1 வரம்பை மீறியிருந்தது. மிகுதியாக இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று: 551 மாதிரிகளில் 88. பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் தீவனமும் மாட்டின் வயிற்றுக்குள் போய், பாலில் வெளிவருவது இது. எவ்வளவு பொங்கினாலும் போகாது. சீஸ் செய்தால் புரதத்தோடு ஒட்டி இன்னும் செறியும். தட்டில் தெரியும் நீலப் பூஞ்சையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்; பாலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வரும் பூஞ்சை நஞ்சைத் தினமும் காபியில் ஊற்றிக்கொள்கிறோம்.

இப்போது தமிழ்நாட்டில் சீஸ் செய்பவர்கள் இல்லாமல் இல்லை. கொடைக்கானலிலும் குன்னூரிலும் செய்கிறார்கள். கடலோர ஆரோவில்லில் ‘லா ஃபெர்ம்’ பல ஆண்டுகளாகச் செய்கிறது. சென்னையில் ‘கேஸ்’ என்ற சிறு நிறுவனம் 2016-இல் தொடங்கியது. இவர்கள் குளிர்பதன அறையால் வெயிலை வென்றவர்கள். அந்த வழியில் தொப்பூரிலும் நாளையே நீலச் சீஸ் செய்யலாம். பாஸ்டரைஸ் செய்த பால், பொட்டலத்தில் வரும் பூஞ்சை விதை, ஏசி அறை போதும். அது நன்றாகவும் இருக்கலாம். தொப்பூருக்கு உரியதாக மட்டும் இராது.

மலைக்கு உரியதாக ஒன்று வேண்டுமென்றால் வரிசை வேறு. தருமபுரி மாவட்டத்து ஆலம்பாடி ஆராய்ச்சி மையமும் பர்கூர் நிலையமும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. இனத்தின் உடற்கூற்றோடு பட்டிப் பாலிலும் உறைமோரிலும் வாழும் நுண்ணுயிர்களையும் அவை சேகரித்து வைக்கலாம். பட்டி மாடுகளுக்குப் புருசெல்லா பரிசோதனையும், பட்டி போடும் குடும்பங்களுக்கு வன உரிமைச் சட்டப்படி எழுத்தில் உரிமையும் முதலில் வேண்டும். சந்தைக்குப் போகும் முதல் பண்டம் மலைப்பெயர் போட்ட நெய்யாகவே இருக்கட்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அடுத்தது களாரி போலப் புளிப்பில் திரித்து உலர்த்தும் கட்டி. அதற்குக் குகை வேண்டாம். நீலம் கடைசியில் வரட்டும், அதுவும் தொப்பூரில் வேண்டாம். பத்து டிகிரிக்கு இறக்க ஊட்டி நிலவறையில் குறைக்க வேண்டியது ஐந்து டிகிரி, இங்கே பதினேழு. மின்கட்டணம் கட்டப்போகிறவர் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.